மாத்திரையும் ஒன்றரைக் கிலோ பருப்பும்

உயரம் 160 சென்டிமீட்டர். எடை 41 கிலோவுக்கும் கீழே. வேலைக்குப் போய்க் குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டிய வயதில் உள்ள ஓர் ஆணின் உடல் இது. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ கணக்கில் இவருடைய எண் 16ஐத் தொடாது. மருத்துவத்தில் இதற்குக் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு என்று பெயர். ஜார்க்கண்டில் 2019 ஆகஸ்டிலிருந்து 2021 ஜனவரி வரை நுரையீரல் காசநோய் உறுதியாகிச் சிகிச்சை தொடங்கிய 2,800 பேரை ஓர் ஆய்வுக் குழு எடை பார்த்தது. அவர்களில் 49 சதவீதம் பேர் இந்த நிலையில்தான் இருந்தார்கள். பிஎம்ஐ 18.5க்குக் கீழே, அதாவது எடைக் குறைவு என்ற வரையறைக்குள், வந்தவர்கள் 82 சதவீதம்.

காசநோய் ஆளை உருக்கிவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். மாலையானால் காய்ச்சல் வரும், பசி அடங்கிப்போகும், தசை கரையும். அதனால் நோயாளியின் மெலிவைப் பார்த்ததும் அது நோய் செய்த வேலை என்று முடிவுகட்டிவிடுகிறோம். ஆனால் அந்தக் குழு அதே வீடுகளில் நோயில்லாமல் இருந்தவர்களையும் எடை பார்த்தது. மொத்தம் 10,345 பேர். அவர்களில் மூன்றில் ஒருவர் ஊட்டக் குறைவோடு இருந்தார். கிருமி நோயாக வெடிப்பதற்கு முன்பே அந்த வீடுகளில் பசி குடியிருந்தது. நோய் வந்ததால் இளைத்தார்கள் என்பது உண்மை. இளைத்திருந்ததால் நோய் வந்தது என்பதும் அதே அளவுக்கு உண்மை. இந்த இரண்டாவது உண்மையைப் பொது சுகாதாரத் துறை நீண்ட காலம் ஓரமாக வைத்திருந்தது.

2023ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 1 கோடியே 8 லட்சம் பேர் காசநோய்க்கு ஆளானார்கள், 12.5 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது உலக சுகாதார அமைப்பின் மதிப்பீடு. நோயுற்றவர்களில் நான்கில் ஒருவர் இந்தியர். நோயைத் தூண்டும் ஐந்து காரணிகளை அந்த அமைப்பு ஆண்டுதோறும் கணக்கிடுகிறது: ஊட்டக் குறைவு, மதுப் பழக்கம், புகை, எச்ஐவி, நீரிழிவு. 2023இன் கணக்கில் ஊட்டக் குறைவே முதலிடத்தில் நின்றது. உலகெங்கும் ஏறத்தாழ 9.6 லட்சம் பேருக்கு நோய் வந்ததில் அதற்குப் பங்கு இருந்தது. எச்ஐவியைப் பற்றிக் காசநோய் ஒழிப்புக் கூட்டங்களில் பேசிய அளவுக்குச் சோற்றைப் பற்றிப் பேசியதில்லை.

பசிக்கும் நுரையீரலுக்கும் என்ன தொடர்பு? கிருமியின் குணத்திலிருந்து தொடங்குவோம். ராபர்ட் காக் 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் அறிவித்த இந்தக் கிருமி மிக மெதுவாகப் பெருகுவது. குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா, சூழ்நிலை சாதகமாக இருந்தால், 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். காசநோய்க் கிருமி ஒருமுறை பிரிய ஏறக்குறைய 20 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. மாத்திரையை ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டியிருப்பதற்கு இந்த மந்தமும் ஒரு காரணம். மூச்சுக்காற்றோடு உள்ளே வரும் கிருமியை நுரையீரலில் உள்ள மேக்ரோபேஜ் என்ற விழுங்கும் செல்கள் விழுங்குகின்றன, ஆனால் ஜீரணிக்க முடிவதில்லை. விழுங்கிய செல்லுக்குள்ளேயே கிருமி தங்கிப் பெருகத் தொடங்குகிறது.

சில வாரங்களில் டி செல்கள் வந்து சேர்கின்றன. இன்டர்ஃபெரான் காமா என்ற வேதிச் செய்தியை அவை சுரக்கின்றன. அது கிடைத்தபின் மேக்ரோபேஜ்களுக்கு வலு கூடுகிறது. எல்லாமாகச் சேர்ந்து கிருமியைச் சுற்றி, கோட்டைச் சுவர் எழுப்புவதுபோல் நெருக்கமாகக் குவிந்து அடைத்துவிடுகின்றன. இந்தக் குவியலுக்குக் கிரானுலோமா என்று பெயர். உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் காசநோய்க் கிருமியின் தொற்றைப் பெற்றிருக்கிறார். அவர்களில் வாழ்நாளில் நோயாளி ஆகிறவர்கள் 5 முதல் 10 சதவீதம்தான். மற்றவர்களில் பலரின் உடலில் அந்தச் சுவர் நின்றுகொண்டே இருக்கிறது.

சுவர் என்றாலும் அது உயிருள்ள செல்களால் ஆனது. செல்கள் சாகின்றன, புதியவை வந்து இடத்தை நிரப்புகின்றன. அதற்கு நாள்தோறும் புரதம் வேண்டும், துத்தநாகம் வேண்டும், வைட்டமின்கள் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக ஆற்றல் வேண்டும். பட்டினியில் டி செல்கள் முதிரும் இடமான தைமஸ் சுரப்பி சுருங்குகிறது. உடல் கொழுப்பிலிருந்து சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைகிறது. இருப்பில் ஆற்றல் இருக்கிறது என்று நோய் எதிர்ப்புச் செல்களுக்குச் சொல்லும் ஹார்மோன்களில் அது ஒன்று. கையிருப்பு தீரும்போது உடல் மூளையையும் இதயத்தையும் முதலில் காக்கிறது, காவல் செலவைக் குறைக்கிறது. பல ஆண்டுகளாக அடைபட்டிருந்த கிருமிக்கு அது போதும்.

எலிகளில் இதைத் தெளிவாகவே காட்டியிருக்கிறார்கள். 1996இல் வெளியான ஓர் ஆய்வில், புரதம் மிகக் குறைந்த தீவனம் தரப்பட்ட எலிகளுக்குக் காசநோய்க் கிருமியைச் செலுத்தியபோது அவை விரைவில் செத்தன. வழக்கமான புரத அளவுக்குத் தீவனத்தை மாற்றியதும் எதிர்ப்புச் சக்தி திரும்பியது. மனிதர்களிடம் அப்படிச் சோதனை செய்ய முடியாது. ஆனால் பல நாடுகளில் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனிக்கப்பட்ட மக்கள் கூட்டங்களின் தரவை 2010இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது ஒரு சீரான சரிவு தெரிந்தது: பிஎம்ஐ ஒரு புள்ளி கூடினால் காசநோய் வாய்ப்பு சுமார் 14 சதவீதம் குறைகிறது.

இவ்வளவு தெரிந்தும் சோறு எப்படி மருத்துவச் சீட்டிலிருந்து விடுபட்டுப் போனது? அந்தக் கதையின் முக்கியமான கட்டம் சென்னையில் நடந்தது.

மருந்து வருவதற்கு முந்தைய காலத்தில் காசநோய்க்கு இருந்தது சானடோரியம்தான். நல்ல காற்று, முழு ஓய்வு, பால், முட்டை, இறைச்சி. மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரம், சென்னைக்கு வெளியே தாம்பரம் என்று தென்னிந்தியாவிலும் சானடோரியங்கள் எழுந்தன. தாம்பரத்தில் ரயில் நிலையத்தின் பெயரிலேயே அது இன்றும் நிற்கிறது. 1944இல் ஸ்ட்ரெப்டோமைசின் வெளிவந்தது. அதற்குச் சற்றுப் பின்னால் பாஸ் என்ற மருந்தும், 1952இல் ஐசோனியாசிடும் வந்தன. முதல்முறையாக மாத்திரையால் நோயைக் குணப்படுத்த முடிந்தது. ஆனால் இந்தியாவில் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள், சானடோரியப் படுக்கைகள் ஆயிரக்கணக்கில்தான் இருந்தன. எல்லோரையும் ஓராண்டு படுக்கவைத்துச் சோறுபோட இடமில்லை, பணமில்லை.

அப்படியானால் நோயாளியை வீட்டிலேயே வைத்து மாத்திரை மட்டும் கொடுத்தால் என்ன? இந்தக் கேள்விக்கு விடை தேட 1956இல் சென்னையில் காசநோய் கீமோதெரபி மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார அமைப்பு, பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து அமைத்தன. பிரிட்டிஷ் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் அதை வழிநடத்தினார். நகரத்தின் ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் சானடோரியத்துக்குப் போனார்கள். மற்றவர்கள் நெரிசலான தங்கள் வீடுகளிலேயே இருந்தார்கள். இரு தரப்புக்கும் ஒரே மருந்து: ஓராண்டுக்கு ஐசோனியாசிடும் பாஸும்.

1959இல் முடிவு வெளியானது. சானடோரியத்தில் இருந்தவர்களில் 92 சதவீதம் பேரிடமும் வீட்டில் இருந்தவர்களில் 86 சதவீதம் பேரிடமும் நோய் அடங்கியிருந்தது. வீட்டில் இருந்தவர்கள் குறைவாகச் சாப்பிட்டார்கள், அதிகம் நடமாடினார்கள், எடையும் குறைவாகவே ஏறியது. ஆனாலும் கிருமி போனது. ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோதும் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை. நோயாளி வீட்டில் இருந்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்து வந்துவிடவும் இல்லை. தொற்ற வேண்டியது நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே தொற்றியிருந்தது. உணவின் பங்கை மட்டும் தனியாக அலசிய கட்டுரை 1961இல் வந்தது. சரியான மருந்து கிடைத்தால், நோய் அடங்குவதில் உணவுக்குப் பெரிய பங்கில்லை என்றது அது.

ஏழை நாடுகளுக்கு இது பெரும் விடுதலை. கைக்குழந்தையை விட்டுவிட்டு ஒரு தாய் ஓராண்டு சானடோரியத்தில் கிடக்க வேண்டிய கட்டாயம் நீங்கியது. சென்னையில் பிறந்த வீட்டு சிகிச்சை உலகம் முழுவதும் பரவியது. அந்த மையம் இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இயங்குகிறது. ஆய்வு நேர்மையானது, அதன் விடை அதன் கேள்விக்குச் சரியானது. மருந்து சாப்பிடுகிறவரின் சளியிலிருந்து கிருமி மறைகிறதா என்பதுதான் கேள்வி. யாருக்கு நோய் வருகிறது, சிகிச்சையின் முதல் வாரங்களில் யார் சாகிறார்கள், பிழைத்தவரால் மறுபடி மூட்டை தூக்க முடிகிறதா என்பவையெல்லாம் அந்த ஆய்வு எடுத்துக்கொண்ட கேள்விகள் அல்ல. ஆனால் திட்டம் தீட்டியவர்களுக்கு அந்த விடையின் சுருக்கமே வசதியாக இருந்தது. மருந்து போதும் என்ற வாக்கியம் மட்டும் நின்றது. உணவு என்ற செலவுக் கணக்கு பட்டியலிலிருந்து இறங்கிவிட்டது.

ஒதுக்கப்பட்ட கேள்விகளை மீண்டும் எடுத்தவர்கள் கிராமத்து மருத்துவர்கள். சத்தீஸ்கரில் பிலாஸ்பூருக்கு அருகே கனியாரி என்ற ஊரில், ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் என்ற அமைப்பு ஒரு மருத்துவமனை நடத்துகிறது. டெல்லி எய்ம்ஸில் படித்த சில மருத்துவர்கள் தொடங்கியது. 2004 முதல் 2009 வரை அங்கே வந்த நுரையீரல் காசநோயாளிகள் 1,695 பேரின் எடையைத் தொகுத்து அனுராக் பார்கவாவும் உடன் பணியாற்றியவர்களும் 2013இல் வெளியிட்டார்கள். வரிசையின் நடுவில் நிற்கும் ஆணின் எடை 42 கிலோ. நடுவில் நிற்கும் பெண்ணின் எடை 34 கிலோ. பெண்களில் 80 சதவீதம் பேரும் ஆண்களில் 67 சதவீதம் பேரும் நடுத்தரம் முதல் கடுமையான ஊட்டக் குறைவில் இருந்தார்கள். எடை குறையக் குறைய, சிகிச்சையின்போது இறக்கும் வாய்ப்பு கூடியது.

34 கிலோ என்ற எண்ணில் சற்று நிற்க வேண்டும். வளர்ந்து, திருமணமாகி, பிள்ளை பெற்ற பெண்களின் எடை அது. கடைசியில் சாப்பிட்டு, மிஞ்சியதைச் சாப்பிட்டு, மிஞ்சாதபோது தண்ணீர் குடித்துப் படுத்த பல ஆண்டுகள் அந்த எண்ணுக்குள் இருக்கின்றன. நோய் தனியாக அந்த எண்ணை எழுதியிருக்க முடியாது.

கவனிப்பிலிருந்து நிரூபணத்துக்குப் போகப் பெரிய ஆய்வு ஒன்று தேவைப்பட்டது. ராஷன்ஸ் என்று பெயரிடப்பட்ட அந்த ஆய்வை, மங்களூரு யெனபோயா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோரும் சென்னை தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் தேசிய காசநோய் ஒழிப்புத் திட்டமும் சேர்ந்து ஜார்க்கண்டின் 4 மாவட்டங்களில் நடத்தினார்கள். உணவு பெரிதல்ல என்ற முடிவை ஒரு காலத்தில் உலகுக்குச் சொன்ன அதே சேத்துப்பட்டு நிறுவனம், அறுபது ஆண்டுகள் கழித்து இந்தக் கேள்விக்குத் திரும்பி வந்தது. அறிவியல் தன் பழைய விடையை இப்படி மறுபடியும் எடுத்துப் பார்ப்பது பாராட்ட வேண்டிய செயல்.

ஆய்வின் அமைப்பு எளிமையானது. தொடக்கத்தில் பார்த்த 2,800 நோயாளிகள் எல்லோருக்கும் மாதம் 10 கிலோ உணவுப் பை: அரிசி, வறுத்த கடலைமாவு, பால் பவுடர், எண்ணெய், அதோடு வைட்டமின் மாத்திரை. நாளுக்கு 1,200 கலோரி, 52 கிராம் புரதம். நோயாளிக்கு உணவை மறுத்துப் பார்ப்பது அறமல்ல என்பதால் அவர்களிடையே ஒப்பீட்டுப் பிரிவு வைக்கவில்லை. ஒப்பீடு குடும்பத்தாரிடம்தான். ஏறக்குறைய பாதிப் பகுதிகளில், நோயாளியோடு ஒரே வீட்டில் வாழ்ந்த 5,621 பேருக்கும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் வைட்டமினும் தரப்பட்டன. அதாவது நாளுக்கு 750 கலோரி, 23 கிராம் புரதம். மற்றப் பகுதிகளில் 4,724 பேர். அவர்களுடைய வீட்டு நோயாளிக்கு மட்டும் பை போனது. இந்தக் குடும்பத்தாரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சந்தால், ஹோ, முண்டா, ஒராவ்ன், பூமிஜ் போன்ற பழங்குடிச் சமூகத்தினர்.

2022 ஜூலை வரை தொடர்ந்து கவனித்தார்கள். 2023 ஆகஸ்டில் லான்செட் இதழில் முடிவு வெளியானது. உணவு பெற்ற குடும்பத்தாரிடம் எல்லா வகைக் காசநோயும் சேர்த்து 39 சதவீதம் குறைந்திருந்தது. பரிசோதனையில் கிருமி உறுதியான நுரையீரல் காசநோயை மட்டும் எடுத்தால் குறைவு 48 சதவீதம். முப்பது வீடுகளுக்கு உணவு கொடுத்தால் ஒருவர் நோயாளியாவது தடுக்கப்படுகிறது.

இந்த 48 என்ற எண்ணின் பெறுமதி புரிய, தடுப்பூசி ஆராய்ச்சியோடு வைத்துப் பார்க்கலாம். உலகம் இப்போது ஆவலோடு காத்திருக்கும் எம்72 என்ற காசநோய்த் தடுப்பூசி, கென்யா, தென்னாப்பிரிக்கா, ஜாம்பியா நாடுகளில் நடந்த இரண்டாம் கட்டச் சோதனையில் காட்டிய பாதுகாப்பு சுமார் 50 சதவீதம். சோதிக்கப்பட்ட மக்கள் வேறு, முறை வேறு. இரண்டையும் தராசில் ஒன்றுக்கொன்று நிறுத்த முடியாது. ஆனாலும் அரிசியும் பருப்பும் அந்த வரிசையில் நிற்கின்றன. குளிர்பதனம் வேண்டாம், ஊசி வேண்டாம், காப்புரிமை எதுவும் இல்லை.

நோயாளிகளின் கணக்கு லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் தனியாக வந்தது. சிகிச்சையின் முதல் இரண்டு மாதத்தில் உடல் எடை 5 சதவீதம் கூடியவர்களுக்கு இறக்கும் ஆபத்து 61 சதவீதம் குறைவு. 40 கிலோ இருப்பவருக்கு 5 சதவீதம் என்பது 2 கிலோ. 2,800 பேரில் 94 சதவீதம் பேர் சிகிச்சையை வெற்றியாக முடித்தார்கள், 108 பேர் இறந்தார்கள். மனதை உறுத்தும் இன்னொரு எண்ணும் அதில் இருக்கிறது. ஆறு மாத உணவுக்குப் பிறகும், வரிசையின் நடுவில் நிற்பவருக்கு நாலரைக் கிலோவுக்கு மேல் எடை ஏறிய பிறகும், பாதிக்கு மேற்பட்டவர்கள் இன்னும் ஊட்டக் குறைவிலேயே இருந்தார்கள். அவ்வளவு ஆழத்திலிருந்து அவர்கள் ஏற வேண்டியிருந்தது.

ஆய்வுக்கு எல்லைகள் உண்டு. கொடுக்கப்பட்டது உணவு என்பதால் யாருக்குக் கிடைத்தது என்பதை மறைக்க முடியாது. ஒப்பீட்டுப் பிரிவு வீடுகளில் நோயாளிக்கு வந்த பையிலிருந்து மற்றவர்களும் சாப்பிட்டிருக்கலாம். பசித்த பிள்ளைக்கு முன்னால் யார்தான் தனக்கு மட்டும் என்று உண்பார்கள்? நடுவில் கோவிட் ஊரடங்கும் வந்தது. அப்போது மத்திய அரசு ரேஷனில் ஆளுக்கு 5 கிலோ தானியத்தைக் கூடுதலாக இலவசமாகக் கொடுத்தது. இவை இரண்டுமே இரு பிரிவுகளுக்கும் இடையிலான வேறுபாட்டைச் சுருக்கக்கூடியவை. ஆகவே உணவின் உண்மையான பலன் அளக்கப்பட்டதைவிடப் பெரிதாகவும் இருக்கலாம்.

பழங்குடி மக்கள் இந்த நோயில் ஏன் இவ்வளவு அடிபடுகிறார்கள் என்பதற்கும் இங்கே விடையின் ஒரு பகுதி இருக்கிறது. இந்திய மக்கள்தொகையில் அவர்கள் 8.6 சதவீதம், பதிவான காசநோயாளிகளில் 10.4 சதவீதம். மத்தியப் பிரதேசத்தின் ஷியோபூர் பகுதியில் வாழும் சஹாரியா மக்களிடம் நடந்த ஆய்வுகளில் ஒரு லட்சம் பேருக்கு 1,500க்கும் மேற்பட்ட நுரையீரல் காசநோயாளிகள் இருந்தார்கள். நாடு தழுவிய 2019-21 கணக்கெடுப்பில் எல்லா வகையும் சேர்த்து லட்சத்துக்கு 312தான். ஒரே நாட்டுக்குள் ஐந்து மடங்கு. பழங்குடிகளின் ரத்தத்தில் ஏதோ பலவீனம் இருப்பதுபோலச் சிலர் பேசுவதுண்டு. காடு கைவிட்டுப் போனதையும், ஆண்டில் பல மாதம் கூலிக்கு வெளியூர் போவதையும், கல்லுடைக்கும் இடங்களில் சிலிக்கா தூசி நுரையீரலில் படிவதையும், தட்டில் பருப்பு இல்லாததையும் பார்த்த பிறகே வேறு காரணம் தேட வேண்டும்.

அதே கணக்கெடுப்பு சொன்ன இன்னொன்று: இருமல் போன்ற அறிகுறி இருந்தவர்களில் 64 சதவீதம் பேர் மருத்துவரிடம் போகவே இல்லை. கண்டுபிடிக்கப்பட்ட நோயாளிகளில் 42 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களை எக்ஸ்ரே எடுத்திருக்காவிட்டால் தவறவிட்டிருப்பார்கள். அறிகுறி கேட்டு மட்டும் அவர்களைப் பிடித்திருக்க முடியாது. ஒரு நாள் கூலியை இழந்து, பஸ் பிடித்து, சளி டெஸ்ட் கொடுத்து, முடிவுக்கு மறுபடி ஒரு நாள் இழந்து போக வேண்டிய ஒருவர் தள்ளிப்போடத்தான் செய்வார். தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் எடை இறங்குகிறது. அவர் வந்து சேரும்போது நோயும் பட்டினியும் கை கோத்திருக்கின்றன.

இப்படித் தாமதமாக வருகிறவர்களைச் சாகவிடாமல் காப்பதில் தமிழ்நாடு செய்த ஒன்று கவனத்துக்குரியது. காசநோய் இறப்புகளில் பெரும்பகுதி சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதத்துக்குள் நிகழ்கிறது. 2022 ஏப்ரலில் காசநோய் இறப்பில்லாத் திட்டம் மாநிலத்தில் தொடங்கியது. சென்னையிலுள்ள தேசிய நோய்த்தொற்றியல் நிறுவனம் அதற்குத் துணை நின்றது. நோய் உறுதியானதும் ஆரம்ப சுகாதார நிலையப் பணியாளரே மூன்று விஷயங்களைப் பார்க்கிறார். உயரத்துக்கு எடை எவ்வளவு? மூச்சின் வேகமும் ரத்தத்தில் ஆக்சிஜனும் எப்படி? துணையில்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா? எடை மெஷின், உயரம் அளக்கும் பட்டை, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், இவ்வளவுதான் கருவிகள். ஆய்வகம் வேண்டாம், அந்த நேரத்தில் மருத்துவர்கூட வேண்டாம். அபாயக் கோட்டைத் தாண்டியவர் உடனே மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார். எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பும் பழைய வழக்கத்தில், நிற்க முடியாதவரும் மாத்திரைப் பட்டையோடு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

இவர்களை மருத்துவமனையில் வைத்துப் பார்க்க வேண்டியதற்கு உணவும் ஒரு காரணம். நீண்ட பட்டினியில் இருந்தவருக்கு ஒரேயடியாக வயிறு நிறையக் கொடுத்தால் ஆபத்து. மாவுச்சத்து உள்ளே வந்ததும் இன்சுலின் எழுகிறது. ரத்தத்தில் உள்ள பாஸ்பேட்டும் பொட்டாசியமும் செல்களுக்குள் இழுக்கப்பட்டுச் சட்டென்று குறைகின்றன. இதயம் தடுமாறி நின்றுவிடவும் கூடும். இரண்டாம் உலகப் போர் முடிந்து முகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்களிடம் மருத்துவர்கள் இதைக் கண்ணால் கண்டார்கள். ஆகவே சிறு அளவில் தொடங்கி, ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே கூட்ட வேண்டும். உணவும் மருந்தைப் போலவே அளவு பார்த்துத் தர வேண்டியது என்பதை நம் மருத்துவக் கல்வி இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும்.

அரசும் வெறுமனே இருந்துவிடவில்லை. 2018 ஏப்ரலில் நிக்ஷய் போஷண் திட்டத்தில் காசநோயாளிக்கு மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் போடத் தொடங்கினார்கள். 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய். நாளுக்கு 33 ரூபாய். சிகிச்சையின் கடினமான முதல் வாரங்களில் பணம் வந்து சேராமல் பிந்தி வந்த அனுபவம் பல மாநில நோயாளிகளுக்கு இருக்கிறது. வங்கிக் கணக்கு இல்லாதவர், ஆதார் இணையாதவர், ஊர் மாறி வேலை செய்கிறவர், இவர்களுக்கு இன்னும் சிரமம். உதவி மிக அவசரமாகத் தேவைப்படுகிறவர்களும் பெரும்பாலும் இவர்கள்தான்.

2022 செப்டம்பரில் நிக்ஷய் மித்ரா என்ற ஏற்பாடு வந்தது. தனி நபர்களும் நிறுவனங்களும் நோயாளிகளைத் தத்தெடுத்து மாதாந்திர உணவுப் பை தரலாம். ராஷன்ஸ் முடிவுகளுக்குப் பிறகு, 2024இல், நோயாளியின் குடும்பத்தாருக்கும் பை தரலாம் என்று அது விரிவாக்கப்பட்டது. 2025இல் உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டுதலிலும், உணவுக்குத் தட்டுப்பாடு உள்ள இடங்களில் நோயாளியின் குடும்பத்தாருக்கு ஊட்ட உதவி தர வேண்டும் என்பது இடம்பெற்றது. சரியான திசைதான். ஆனால் கொடையாளர் கிடைக்கும் மாவட்டத்தில் பை வரும், கிடைக்காத மாவட்டத்தில் வராது என்ற நிலை ஒரு சிகிச்சைக்குப் பொருந்தாது. ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மாத்திரையை யாரும் நன்கொடையாளர் வந்த பிறகு தருவதில்லை. இறப்பைக் குறைப்பதாகத் தெரியும் உணவை மட்டும் ஏன் அப்படித் தர வேண்டும்?

இதற்குப் புதிதாக ஒரு துறை கட்ட வேண்டியதில்லை. நாடு முழுவதும் ரேஷன் கடை இருக்கிறது. 2013இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் பெரும்பாலான ஏழைக் குடும்பங்களுக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி அல்லது கோதுமையை உறுதி செய்கிறது. ராஷன்ஸ் ஆய்வில் குடும்பத்தாருக்குத் தந்த அரிசியும் அதே 5 கிலோதான். சட்டத்தில் இல்லாதது பருப்பு. தமிழ்நாட்டில் சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. பல மாநிலங்கள் பொறாமைப்படக்கூடிய ஏற்பாடு இது. ஆனால் அதுவும் ஓர் அட்டைக்கு மாதம் ஒரு கிலோ. ஆய்வில் நோயைக் குறைத்த அளவு ஓர் ஆளுக்கு ஒன்றரைக் கிலோ. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஏழரைக் கிலோ.

காசநோயாளியின் வீட்டுக்குச் சுகாதாரப் பணியாளர்கள் ஏற்கெனவே போகிறார்கள். யாருக்காவது இருமல் இருக்கிறதா என்று கேட்டுப் படிவத்தில் எழுதுகிறார்கள், தகுதியுள்ளவர்களுக்குத் தடுப்பு மாத்திரை தொடங்குகிறார்கள். அவர்கள் கொண்டுபோகும் பையில் ஒரு எடை மெஷினும் சேர வேண்டும். வீட்டில் எடை குறைந்தவர் யார் யார் என்று எழுதிய அந்தத் தாள், அதே வாரம் அந்த ஊர் ரேஷன் கடைக்குப் போய்ச் சேர வேண்டும். நோயாளி சிகிச்சையில் இருக்கும் ஆறு மாதமும் அந்த அட்டைக்குக் கூடுதல் பருப்பும் எண்ணெயும் வழங்கப்பட வேண்டும். சுகாதாரத் துறையின் பதிவேடும் உணவு வழங்கல் துறையின் பதிவேடும் இன்றுவரை ஒன்றையொன்று பார்ப்பதில்லை.